ஈறில் வளரும் சதைக்கட்டி: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈறில் ஒரே இடத்தில் தனியாகச் சதை வளர்ந்து வருகிறவர்கள் பல் மருத்துவமனைக்குத் தினமும் வருவதில்லை. ஆனால் வரும்போது ஒரு குடும்பமே தூக்கம் கெட்டு வந்து உட்காரும். காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஈறு மருத்துவரான என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். பெரிஃபெரல் ஆசிஃபையிங் ஃபைப்ரோமா என்கிற, அத்தனை அடிக்கடி பார்க்க முடியாத ஒரு சாதுவான கட்டியைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசப்போகிறேன். அதைப்போலவே தோற்றம் காட்டும் மற்றவையும் நடுவில் வரும்.

ஈறுல சதை வளர்ந்திருக்கு, ஆனா வலியே இல்ல. காட்டித்தான் ஆகணுமா?

காட்டுங்கள். வலி இல்லாததுதான் இதில் சிக்கலே. பல்வலி வந்தவர் விடிவதற்குள் ஓடி வந்துவிடுவார். வலிக்காத சதையை நாக்கால் தடவிப் பார்த்தபடியே மாதக்கணக்கில் தள்ளிப்போடுவார். வாய்க்குள் எந்தப் புண்ணும், எந்தத் தடிப்பும் இரண்டு வாரத்தைத் தாண்டி நின்றால் அதை ஒரு பல் மருத்துவர் பார்த்தாக வேண்டும். வலி இருக்கிறதா, இல்லையா என்பது இதில் கணக்கே இல்லை.

இந்தக் கட்டி எப்படி இருக்கும்?

இரண்டு பற்களுக்கு நடுவே முக்கோணமாக ஈறு முனை ஒன்று இருக்கும் அல்லவா, பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். மேல்தாடை முன்பற்கள், கோரைப்பல் பக்கம் அதிகம். நிறம் ஈறின் நிறமாகவே இருக்கலாம், கொஞ்சம் சிவந்தும் இருக்கலாம். சிலருக்குக் குறுகிய காம்போடு தொங்கும், சிலருக்கு அகலமான அடியோடு உட்கார்ந்திருக்கும். தொட்டால் கெட்டியாக இருக்கும். அளவு பெரும்பாலும் 2 செ.மீ.க்குள்தான். பதின்ம வயதிலும் இருபதுகளிலும் உள்ளவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, கூடுதலாக வருகிறது. வளர்ச்சி மெதுவாக இருக்கும். விட்டுவைத்தால் பக்கத்துப் பற்களை மெல்ல விலக்கிவிடும். எதிர்ப் பல் அதன் மேல் கடித்துக்கொண்டே இருந்தால் தலைப்பகுதி புண்ணாகி ரத்தம் கசியும். நிறைய பேர் முதன்முதலில் கவனிப்பது அந்த ரத்தத்தைத்தான்.

இது ஈறில் மட்டுமே வரும். உதட்டிலோ, நாக்கிலோ, கன்னத்தின் உட்புறத்திலோ உள்ள கட்டி என்றால் வேறு ஏதோ ஒன்று.

ஏன் வருது? நான் என்ன தப்பு பண்ணேன்?

தப்பு என்று நினைத்து வருந்த வேண்டாம். பல்லை எலும்போடு பிடித்து வைத்திருக்கும் மெல்லிய நார்ப்படலம் ஒன்று உண்டு. ஈறின் ஓரத்தில் ஏதாவது ஒன்று நெடுநாள் உறுத்திக்கொண்டே இருந்தால், அந்தப் படலத்தின் செல்கள் அளவுக்கு மீறி நார்த்திசுவை உண்டாக்குகின்றன. அந்தத் திசுவுக்குள்ளேயே சுண்ணாம்புச் சத்து படிந்து, எலும்புத் துணுக்குகளும் உருவாகின்றன. கட்டி கெட்டியாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

உறுத்துவது எது? முதல் குற்றவாளி பற்காறை. ஈறுக்கு அடியில் இறங்கி ஒட்டியிருக்கும் காறை கண்ணாடியில் பார்த்தால் தெரியாது, க்ளீனிங் செய்யும்போதுதான் கருவி முனையில் தட்டுப்படும். அடுத்தது, பல்லின் மேல் மாட்டும் உறையான கேப் விளிம்பு சரியாகப் பொருந்தாதது, சொத்தைப் பல்லில் பிதுங்கி நிற்கும் அடைப்பு, பல் வரிசைக்காகப் போடும் கிளிப்பைச் சுற்றிச் சேரும் அழுக்கு. பல்லிடுக்கில் போய் மாட்டிய மீன் முள்ளை எடுக்காமலே விட்டதும் ஈறை உறுத்தத்தான் செய்யும். நெத்திலியும் சங்கராவும் வாரத்தில் பாதி நாள் தட்டில் இருக்கும் வீடுகளில் இதை நான் கேட்காமல் விடுவதில்லை. பருவ வயதிலும் கர்ப்ப காலத்திலும் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு சின்ன உறுத்தலுக்குக்கூடக் கூடுதலாக வீங்கும்.

சிலருக்கு எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காது. அதுவும் உண்டு.

டாக்டர், இது கேன்சரா?

பெரிஃபெரல் ஆசிஃபையிங் ஃபைப்ரோமா கேன்சர் இல்லை. அது கேன்சராக மாறுவதும் இல்லை. உடம்பின் வேறு இடத்துக்குப் பரவாது, இன்னொருவருக்குத் தொற்றாது.

ஆனால் இந்த பதில், உங்கள் வாயில் இருப்பது அந்தக் கட்டிதான் என்று உறுதியான பிறகுதான் செல்லும். அந்த உறுதியைத் தருவது மைக்ராஸ்கோப். என் கண்ணோ, உங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் அனுபவமோ அதைத் தர முடியாது. இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவது இது ஒன்றைத்தான்.

பார்த்தாலே தெரியாதா? எதுக்கு பயாப்ஸி?

பயாப்ஸி என்றால் சதையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பரிசோதிப்பது. பார்த்தால் யூகம் செய்யலாம், அவ்வளவுதான். ஒரே மாதிரி தோற்றத்தில் பல கட்டிகள் வரும்.

பையோஜெனிக் கிரானுலோமா என்பது இன்னும் சிவப்பாக, மென்மையாக இருக்கும், பிரஷ் பட்டாலே ரத்தம் கொட்டும். கர்ப்பிணிகளுக்கு வருவது பெரும்பாலும் இதுதான். பெரிஃபெரல் ஜயன்ட் செல் கிரானுலோமா கொஞ்சம் நீலம் கலந்த ஊதா நிறம் காட்டும். சாதாரண ஃபைப்ரோமா வெளிறிய நிறத்தில், வழவழப்பாக இருக்கும். பல் வேரில் சீழ் பிடித்து ஈறில் மொட்டு போலக் கிளம்பினால் அது கட்டியே இல்லை, அமுக்கினால் சீழ் வரும். அதற்கு வேர் சிகிச்சை செய்தால் தானே வற்றிவிடும். இந்த வரிகளைப் படித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று முடிவு செய்ய முடியாது. பழைய பையோஜெனிக் கிரானுலோமா நாளடைவில் இறுகி வெளிறிப்போய் ஃபைப்ரோமா மாதிரியே நிற்கும். எங்களையே ஏமாற்றும்.

ஈறு முழுக்கப் பரவலாகத் தடித்திருந்தால் கேள்வியே வேறு. வலிப்புக்கு ஃபெனிடோயின், பிரஷருக்கு அம்லோடிபின் அல்லது நிஃபெடிபின், சிறுநீரக மாற்று செய்தவர்களுக்கு சைக்ளோஸ்போரின், இவற்றால் ஈறு தடிக்கலாம். மாத்திரை அட்டையை மறக்காமல் கொண்டு வாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஈறு வேகமாக வீங்கி, ரத்தமும் கசிந்து, கூடவே காய்ச்சலும் அசதியும் இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை. ரத்தப் புற்றுநோய் சில சமயம் ஈறில்தான் முதலில் முகம் காட்டும்.

எப்போ நிஜமா பயப்படணும்?

விளிம்பு கெட்டிப்பட்ட ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரணமில்லாமல் ஆடும் பல், உதட்டில் மரத்துப்போன உணர்வு, கழுத்தில் கட்டி, வாயை முழுசாகத் திறக்க முடியாமை, சில வாரங்களிலேயே கண்ணுக்குத் தெரிகிற வளர்ச்சி. இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளை மறுநாள் என்று சொல்லாதீர்கள்.

ஹான்ஸ், மாவா, வெற்றிலையோடு புகையிலை, பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலாவுக்கு 2013 முதல் தடை இருக்கிறது, ஆனாலும் மாவா எங்கே கிடைக்கும் என்று தெருவில் எல்லோருக்கும் தெரிகிறது. சுமை தூக்குகிறவர், இரவு முழுக்க லாரி ஓட்டுகிறவர், கடலில் தூங்காமல் கிடக்கிறவர் ஏன் அதை வாயில் அடக்குகிறார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அடக்கும் இடத்திலேயே ஈறில் மாற்றம் வருகிறது என்பதால்தான் கேட்கிறேன். மருத்துவரிடம் அதை மறைக்காதீர்கள். மனைவி கூட இருப்பதால் சொல்லத் தயங்கினால், தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள், அவரை வெளியே இருக்கச் சொல்கிறோம்.

கத்தி பட்டா பரவிடும்னு எல்லாரும் சொல்றாங்களே?

நான் இதுவரை கேட்ட கேள்விகளிலேயே அதிகத் தீங்கு செய்தது இதுதான். கத்தி பட்டுச் சாதுவான கட்டி கேன்சராகாது. கேன்சராகவே இருந்தாலும், சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதிப்பதால் அது கிளம்பி ஓடிவிடாது. பிறகு ஏன் இந்தப் பேச்சு? ஏற்கெனவே முற்றிய நிலையில் ஒருவர் வருகிறார், பயாப்ஸி செய்கிறார்கள், சில மாதங்களில் அவர் இறந்துபோகிறார். தெருவில் எல்லோருக்கும் நினைவில் நிற்பது கடைசியாகப் பட்ட கத்திதான். அதற்கு முன்னால் அவர் தள்ளிப்போட்ட ஒரு வருடம் யாருக்கும் நினைவில் இருக்காது. அந்தப் பேச்சைக் கேட்டு அடுத்த வீட்டுக்காரரும் தள்ளிப்போடுகிறார்.

எக்ஸ்ரே எதுக்கு?

கட்டி சதையில் இருந்தாலும் அடியில் எலும்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு மூன்று பற்கள் மட்டும் தெரியும் ஐ.ஓ.பி.ஏ. எனும் சின்ன எக்ஸ்ரே பெரும்பாலும் போதும். கட்டிக்குள் சுண்ணாம்பு படிந்திருந்தால் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். எலும்பின் உள்ளேயிருந்து கிளம்பி ஈறு வழியாக எட்டிப் பார்க்கும் கட்டியா என்பதைப் பிரித்தறிவதே முக்கியம். அந்தச் சந்தேகம் வந்தால் மட்டும், தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன். எல்லோருக்கும் தேவையில்லை.

எப்படி எடுப்பாங்க? மயக்க மருந்து கொடுப்பாங்களா?

முழு மயக்கம் தேவைப்படுவது அபூர்வம். அந்த இடம் மட்டும் மரத்துப்போக லிக்னோகெய்ன் ஊசி போடுவோம். ஊசி குத்தும் அந்தச் சில நொடிகள்தான் பெரும்பாலானவர்களுக்கு வலிக்கிற நேரம். அதன்பிறகு இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், வலி தெரியாது.

மெல்லிய பிளேடால் கட்டியைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நல்ல ஈறையும் சேர்த்து வெட்டுவோம். இந்தக் கட்டியில் பிளேடு உள்ளே போகும்போது மணலை அறுப்பது போல நறநறவென்று கைக்குத் தட்டுப்படும். சதைக்குள் எலும்புத் துணுக்கு இருக்கிறது என்பதற்கு அது முதல் சாட்சி. கட்டி வெளியே வந்ததும் வேலை முடிந்ததாக நோயாளி நினைப்பார். உண்மையில் முக்கியமான வேலை அப்போதுதான் தொடங்குகிறது. எலும்பை மூடியிருக்கும் சவ்வையும், பல்லைப் பிடித்திருக்கும் அந்த நார்ப்படலத்தில் கட்டி கிளம்பிய இடத்தையும் க்யூரெட் எனும் சுரண்டும் கருவியால் சுரண்டி எடுக்க வேண்டும். பக்கத்துப் பற்களின் வேர்களில் ஒட்டிய காறையையும் அப்போதே சுத்தம் செய்ய வேண்டும். தலையை மட்டும் சீவிவிட்டு விட்டால், வேர் அங்கேயே இருக்கும்.

பிறகு தேவைக்கேற்பத் தையல். சில சமயம் காயத்தை மூடிப் பாதுகாக்க மேலே இளஞ்சிவப்பு நிறத்தில் ஈறு பேக் எனும் பசை ஒன்றை அப்பி விடுவார்கள். கட்டி ரொம்பப் பெரிதாக இருந்தால் மட்டும் முதலில் ஒரு துண்டு எடுத்து, ரிப்போர்ட் வந்த பிறகு முழுசாக எடுப்போம்.

பல்லையும் பிடுங்கணுமா?

பெரும்பாலும் வேண்டாம். பல் ஏற்கெனவே மோசமாக ஆடினால், அல்லது சரியாக எடுத்தும் அதே இடத்தில் மீண்டும் மீண்டும் வந்தால் மட்டும் அதைப் பற்றி யோசிப்போம்.

லேசர்ல எடுத்தா நல்லதா?

ரத்தம் குறைவாக வரும், தையல் தேவைப்படாமல் போகலாம். ஆனால் வெட்டிய ஓரங்கள் சூட்டில் கருகினால் பரிசோதனைக்குப் பார்க்க வேண்டிய விளிம்பு கெட்டுப்போகும். கத்தியோ, லேசரோ, அடிவரை சுத்தம் செய்கிறார்களா என்பதைத்தான் கேட்க வேண்டும். கருவிக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

எடுத்த சதையை என்ன பண்ணுவாங்க?

10 சதவீத ஃபார்மலின் உள்ள சின்ன பாட்டிலில் போட்டு, பெயர், வயது, எந்தப் பல்லருகே எடுத்தது, தேதி எல்லாம் எழுதி நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த பாட்டிலைக் கண்ணால் பாருங்கள். லேபிளில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று படியுங்கள். நோயாளி கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

எங்கோ வெட்டி, குப்பையில் போட்டுவிட்டு, "சும்மா சதைதான்" என்று அனுப்பிவிடுகிறார்கள். அதே இடத்தில் திரும்ப வளர்ந்த பிறகு எங்களிடம் வருகிறார்கள். முதலில் இருந்தது என்ன என்று யாருக்கும் தெரியாது, எந்தக் காகிதமும் இல்லை. இது எனக்குக் கோபம் தருகிற விஷயம். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று நோயாளியே பயாப்ஸி வேண்டாம் என்று சொல்வதும் நடக்கிறது. வேறு எங்கே வேண்டுமானாலும் சிக்கனம் பாருங்கள், இதில் வேண்டாம்.

ரிப்போர்ட் வர சாதாரணமாகச் சில நாட்கள் ஆகும். கட்டிக்குள் எலும்பு அதிகம் இருந்தால் ஆசிடில் ஊறவைத்து மென்மையாக்கிய பிறகே சீவ முடியும் என்பதால் இன்னும் நாளாகும். தாமதமானால் ஏதோ கெட்ட செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ரிப்போர்ட்ல "ஜயன்ட் செல்"னு போட்டிருக்கு. அது என்ன?

அதுவும் சாதுவான கட்டிதான், எடுக்கும் முறையும் இதேதான். ஒரு கூடுதல் வேலை மட்டும் உண்டு. கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்தாலும் தாடையில் இதே மாதிரி செல்கள் கொண்ட கட்டி வரும். அதனால் ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், பாராதைராய்டு ஹார்மோன் பார்க்கச் சொல்வோம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

ஆபரேஷனுக்கு அப்புறம் வீட்ல என்ன பண்ணணும்?

வைத்த பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். முதல் 24 மணி நேரம் காறித் துப்பாதீர்கள், வாய் கொப்பளிக்காதீர்கள், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீர்கள். துப்பத் துப்ப ரத்தக்கட்டு கலைந்து மறுபடியும் கசியும். மரத்துப்போனது தெளியும்வரை சூடாக எதுவும் வேண்டாம், உதட்டைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது.

அன்றைக்கு ஆறிய கஞ்சி, தயிர் சாதம், மோர், ஐஸ்கிரீம். மறுநாளிலிருந்து இட்லி, குழைந்த சாதம், ரசம். முள் இல்லாத மீன் துண்டு இரண்டு மூன்று நாள் கழித்து, மறுபக்கமாக மென்று சாப்பிடலாம். பீச் ஸ்டேஷன் பக்கத்து பர்மா நூடுல்ஸான அத்தோவும் வறுத்த மிளகாயும் தையல் பிரிக்கும்வரை காத்திருக்கட்டும். புகையிலை அறவே கூடாது.

மறுநாளிலிருந்து இளஞ்சூடான உப்புத் தண்ணீர் கொப்பளிக்கலாம். குளோர்ஹெக்ஸிடின் 0.2 சதவீத மவுத்வாஷ் எழுதிக் கொடுத்தால் 10 மில்லி, ஒரு நிமிடம், காலையும் இரவும். பேஸ்ட் போட்டுத் துலக்கிய அரை மணி நேரம் கழித்துத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும், சேர்த்துச் செய்தால் மருந்து வேலை செய்யாது. பல்லில் பழுப்புக் கறை படியும், க்ளீனிங்கில் போய்விடும். தையல் ஒரு வாரம், பத்து நாளில் பிரிப்போம். பேக் முன்கூட்டியே கழன்று விழுந்தால் பதறாமல் ஒரு போன் செய்யுங்கள். பஞ்சை அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால், காய்ச்சலோ வீக்கமோ கூடினால், நேரம் பார்க்காமல் கிளம்பி வாருங்கள்.

திரும்ப வருமா?

வரலாம். இதுவரை பதிவான ஆய்வுகளில் 8 முதல் 20 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்திருக்கிறது. அடிவரை எடுக்காததும், காறை, சரியில்லாத கேப் போன்ற காரணத்தை அப்படியே விட்டதும் அதற்கு முக்கியக் காரணம். அதனால்தான் முதல் மாதம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம் என்று வரச் சொல்கிறோம். ஒன்றும் தெரியாவிட்டாலும் வாருங்கள். திரும்ப வந்தால் அது கேன்சரின் அறிகுறி என்று அர்த்தம் இல்லை. மறுபடி எடுத்து, மறுபடி பாட்டிலில் அனுப்புவோம்.

நான் கர்ப்பமா இருக்கேன். இப்பவே எடுக்கணுமா?

பெரும்பாலும் காத்திருக்கலாம். கர்ப்ப காலத்தில் வரும் பையோஜெனிக் கிரானுலோமா பிரசவத்துக்குப் பிறகு தானாகவே சுருங்குவது உண்டு. இப்போது எடுத்தால் திரும்பவும் வரலாம். ரத்தம் அடிக்கடி கொட்டினாலோ, சாப்பிடவே இடைஞ்சலாக இருந்தாலோ நான்கிலிருந்து ஆறாவது மாதத்துக்குள் எடுப்பது தோதானது. க்ளீனிங் செய்துகொள்வதில் எந்தத் தயக்கமும் வேண்டாம், அதனால் குழந்தைக்கு ஆபத்தில்லை. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ மருத்துவமனையில் பதிவு செய்திருப்பவர்கள் கர்ப்பப் பதிவேட்டைக் கையோடு கொண்டு வாருங்கள். மாமியார் சொன்னார் என்று பல் துலக்குவதை நிறுத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. ரத்தம் வந்தாலும் மென்மையான பிரஷால் துலக்கத்தான் வேண்டும்.

சுகர், ஹார்ட் மாத்திரை சாப்பிடறவங்க?

சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு செய்வோம், இது அவசர ஆபரேஷன் இல்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றை யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வார்ஃபரின் என்றால், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்து, இதய மருத்துவரோடு பேசி முடிவெடுப்போம்.

நூல் கட்டினா விழுந்துடும்னு சொல்றாங்க. சுண்ணாம்பு, கிராம்பு வைக்கலாமா?

நூல் கட்டினால் தலை அழுகி விழலாம். அடி அப்படியே இருக்கும், பரிசோதிக்கவும் ஒன்றும் மிஞ்சாது. சுண்ணாம்பு ஈறை வெந்துபோகச் செய்யும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் அடக்கி வைத்தாலும் அதே கதிதான், அந்த இடம் வெள்ளையாக உரிந்து வரும். உப்புத் தண்ணீர் நல்லது, ஆனால் அது கட்டியைக் கரைக்காது.

வடசென்னையிலிருந்து எங்கே போகலாம்?

பக்கத்தில் நம்பிக்கையான பல் மருத்துவர் இருந்தால் முதலில் அவரிடமே போங்கள். அரசு மருத்துவமனை என்றால் ராயபுரம் பக்கம் ஸ்டான்லியில் பல் பிரிவு இருக்கிறது. ஈறு மருத்துவம், வாய் அறுவை சிகிச்சை, வாய் நோய்க்குறியியல் என்று எல்லாத் துறையும் ஒரே இடத்தில் வேண்டுமானால் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவாகத் தொடங்கியது, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். அரைநாள் சம்பளம் போகும் என்பது தெரிந்தேதான் சொல்கிறேன். ஒரே வருகையில் முடிந்துவிடும் என்று எதிர்பார்க்காமல், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, எடுப்பதற்கான தேதி என்று இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கும் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

எடுத்த இடத்துல ஈறு இறங்கி பல் நீளமா தெரியுது. சரியாகுமா?

அடிவரை எடுக்கும்போது சிலருக்கு இப்படி ஆகும், முன்பல்லில் என்றால் சிரிக்கத் தயங்குகிற அளவுக்குக்கூட இருக்கும். முதல் சில மாதங்களில் ஈறு ஓரளவு தானே நிரம்பி வரும், அதுவரை பொறுங்கள். நிரம்பாவிட்டால் அண்ணத்திலிருந்து சின்னத் திசு எடுத்து ஒட்டியோ, பக்கத்து ஈறை நகர்த்தியோ மூடலாம். பல் கூச்சம் இருந்தால் அதற்கென்று உள்ள பேஸ்ட் எழுதித் தருகிறோம். மூடும் வேலைக்கு வரும்போது பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகலையும் எடுத்து வாருங்கள்.